பரஸ்தானம்

அக். 19, சனி

மழை விட்டது. மூன்று நாள் ஈரத் துணி மொத்தமும் காயவேண்டும். மேல் வீட்டுக்காரி விடியுமுன்னே மாடிக் கொடி முழுவதையும் பிடித்துவிட்டாள். சண்டை போடத் தெம்பில்லை. நாற்காலி முதுகில் போட்டேன்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கற்பகம் வந்தாயிற்று. இவர் இருட்டோடு வண்டி எடுத்துக்கொண்டு அச்சரப்பாக்கம் தாண்டி அவள் ஊருக்குப் போய், ராகு காலத்துக்கு முன்னால் இங்கே கொண்டுவந்து இறக்கினார். டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர், இன்றைக்கு ஓசிச் சவாரி. பெரிய பெட்டி ஒன்று, தோள் பை ஒன்று, தலை நிறையக் கனகாம்பரம்.

நாளை ராத்திரி குவைத்துக்கு விமானம். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நாளைக்கு ஞாயிறு, மேற்கே சூலம். குவைத்தும் மேற்கே. அவள் அம்மாவுக்கு இது போதாதா, பரஸ்தானம் வைத்துவிட்டார்கள். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், இவர் விளக்கினார். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால் முந்தின நாளே நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வேறு யார் வீட்டிலாவது வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஆளும் கூடவே வந்துவிட்டால் இன்னும் விசேஷம். ஆனால் திரும்பிப்போய்ச் சொந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினால் போகிற காரியம் பாழ்.

"ஏரோப்ளேன் ஓட்றவனுக்கு சூலம் தெரியுமாடி?" என்றேன்.

"அவனுக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரியும். நான் படிச்ச நர்சிங் எல்லாம் எங்கம்மாகிட்ட செல்லாது. பேசாம பொட்டிய உள்ள தூக்கு."

சூலத்துக்குப் பரிகாரமாக நாளை கிளம்பும்போது தின்னச் சொல்லி அம்மா வெல்லம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் பாதியைத் தின்றுவிட்டாள் பாவி.

இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை ஏஜெண்ட் கம்பி நீட்டினான். இரண்டாவது தடவை எல்லாம் கைக்கு வந்து, கிளம்புகிற வாரத்தில் அவள் அப்பா செத்துப்போனார். பதினாறு முடிந்து நிமிர்ந்தால் விசா தேதி போயிருந்தது. அந்த வருஷம் அவளிடம் பேசவே பயமாக இருந்தது. தம்பி பாலாஜிக்கு நிரந்தரமாக வேலை கிடையாது. வீடே இவள் சம்பளத்தில்தான். கல்யாணப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை, அவளும்தான்.

"அம்மா அழுதுச்சா?"

"அதுவா? பொட்டிய டிக்கில வெச்சதும் உள்ள போய் கிரைண்டரப் போட்டுகிச்சு. எட்டிக்கூடப் பாக்கல."

இவர் குறுக்கே பூந்து, "எனக்கு மட்டும் காப்பி குடுத்துச்சு. டபுள் சக்கரை" என்றார். பெருமை.

நாளைக்கு:
இட்லி மாவு கடையில் வாங்க (நம் மாவு புளித்துப் பொங்கிவிட்டது)
டெய்லரிடம் தீபாவளி ஜாக்கெட். துணியை இன்னும் வெட்டவே இல்லையாம், கிழிக்க வேண்டும் அவனை
டயருக்குக் காற்று (இவர்)
மகாபலிபுரம். கடல். வஞ்சிரம் வறுவல்.

கடைசி ஐட்டம் க. சொல்லி எழுதியது. புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியிருந்தாள். "மொத ஞாயித்துக்கெழம. மீன் வேணும், கடல் வேணும், நீங்க ரெண்டு பேரும் வேணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அப்புறம் என் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு தூங்கிவிட்டாள்.


அக். 20, ஞாயிறு. காலை

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழாயைத் திறந்து விட்டிருக்கிறேன்.

க.வின் அம்மா செத்துவிட்டாள்.

விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆட்டோவில் ஏற்றி, மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. பாலாஜி இவர் செல்லுக்குக் கூப்பிட்டான். இவர் மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். நானும் பின்னாலேயே போனேன். பாலாஜியால் பேச முடியவில்லை. அவன் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, செல்லை வாங்கிக்கொண்டார்.

"பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. அது போவட்டும். இங்க வந்து இன்னா பண்ணப் போவுது? அப்பன் சாவுல ஒருக்கா போச்சு. ஆத்தா சாவுலயும் போவணுமா? எங்கக்கா உசுரோட இருந்தாலும் இதத்தான் சொல்லும். அங்க போய் எறங்கட்டும், நாங்க சொல்லிக்கிறோம்."

நாளைக் காலைதான் எடுக்கிறார்களாம். மும்பையிலிருந்து யாரோ வரவேண்டுமாம். மும்பைக்காரனுக்குக் காத்திருப்பார்கள். பெற்ற பெண்ணுக்கு இல்லை.

சமையலறையில் மிக்சியைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் நானும் இவரும் சண்டை.

"சொல்லிடலாங்க. பாவங்க அது."

"சொல்லிட்டு? கெளம்பி ஊருக்குப் போவும். அவ்ளோதான், குவைத்து க்ளோஸ். அப்பறம் ஆயுசுக்கும் உன்னத்தான் சொல்லும். அவங்க வூட்டு விசயம் செல்வி, பெரியவங்க முடிவு பண்ட்டாங்க. நமக்கு இன்னாத்துக்கு?"

"அது என் ஃப்ரெண்டு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. நேற்று அவருக்குக் காப்பி கொடுத்த கை அல்லவா.

தேங்காய்ச் சட்னி கூழாகிவிட்டது. க. எழுந்து வந்து, "இன்னாடி, ஊருக்கே அரைக்கிறியா?" என்று கேட்டாள்.

கதவைத் தட்டுகிறாள். போகிறேன்.


ஞாயிறு. ஏர்போர்ட்டிலிருந்து வந்து

அனுப்பிவிட்டோம். சாப்பிடவில்லை. இவர் சட்டைகூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையிலிருந்து வருகிறேன்.

இட்லி வைத்தேன். நாலு தின்றாள். இழவு வீட்டில் உலை ஏறாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நான் சட்னி ஊற்றுகிறேன். "உனக்கு?" என்றாள். பல் வலி என்றேன். "வாயத் தெற, பாக்கறேன்" என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். நர்ஸ் புத்தி. "நல்லாத்தானே கீது" என்றாள்.

பூ கேட்டாள். வாசலில் பூக்காரி நிற்கிறாள், நான் வாடிப்போன பூ என்று சொல்லி விரட்டினேன். பூக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்குத்தான் பறித்த மல்லி. செத்தவளின் மகள் தலையில் என் கையால் பூ வைக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு. மற்றதெல்லாம் செய்வேன், இது மட்டும் மாட்டேன். என்ன பெரிய யோக்கியதை!

அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். பாலாஜி எடுத்தான். அம்மா கோயிலுக்குப் போயிருக்கு, செல்லு சார்ஜில் இருக்கு என்றான். "உன் கொரலு ஏன்டா ஒருமாதிரி கீது?" "சளிக்கா." இவள் ஆவி பிடிக்கச் சொன்னாள், என்ன மாத்திரை என்றும் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா.

பெட்டியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மீதி வெல்லத்தை மூன்று பேருக்கும் பிட்டுக் கொடுத்தாள். என் பங்கு இன்னும் கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவாளாம். தீட்டோடு எப்படிக் கோயிலுக்குள்? "நடை சாத்தியிருப்பாங்க" என்றேன். தெருவெல்லாம் கூட்டம், தேங்காய்க் கடை எல்லாம் திறந்திருக்கிறது. இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். "இன்னாண்ணா, ஃப்ளைட்டு ராத்திரிதான்" என்று சிரித்தாள்.

மகாபலிபுரத்தில் நிற்க இடமில்லை. சென்னைக்காரன் அத்தனை பேரும் அங்கேதான். வெயில் நன்றாக இருந்தது, மழை கழுவிவிட்ட வெயில். இவ்வளவு நல்ல நாளாக இல்லாமல் போயிருக்கலாம். கடற்கரைக்குப் போகிற சந்தில் இவருக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிவிட்டாள். "அண்ணாத்த, ஹீரோ கணக்கா கீறீங்க." இவருக்கு அது உதவியது. கண்ணை மறைத்துக்கொண்டார், கழற்றவே இல்லை.

அம்மாவுக்கு என்று கண்ணாடிச் சில்லு பதித்த சின்னத் துணிப் பை. மாத்திரை போட்டு வைக்க. "பிளாஸ்டிக் கவர்ல கட்டிகினு எது சுகருது, எது பிரசருதுன்னு தெரியாம முழுங்குது. அடுத்த வாரம் ஒருநட போய்க் குடுத்துட்டு வாடி." வாங்கி என் பையில் வைத்தேன். "குடுக்கறேன்" என்றேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. எனக்கு இவ்வளவு திறமை இருப்பது இன்றுதான் தெரியும்.

சாப்பிட வரிசை. புரட்டாசி விட்ட முதல் ஞாயிறு, மீன் கடை வாசலில் ரேஷன் கடை மாதிரி டோக்கன். ஒரு அப்பா தன் பெண்ணிடம், "ஒரு மாசம் ஆச்சு பாப்பா, வாசனையே மறந்துபோச்சு" என்கிறான். எனக்கு ஒரே கவலைதான். இவளை மீன் தின்ன விடாமல் எப்படித் தடுப்பது? அம்மா குளிர்பெட்டிக்குள் கிடக்க இவள் முள் எடுத்துத் தின்பதா? கெட்ட மீன் என்று சொல்லலாமா, எனக்கு வாந்தி என்று சொல்லி எழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறேன். அவள் சுவரில் சாய்ந்து செல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் கிடைத்து உட்கார்ந்ததும், "எனக்குத் தயிர் சாதம் போதும்டி" என்றாள்.

"மீனு?"

"வவுறு சரியில்ல. ப்ளேன்ல போய் கஷ்டப்படணும்."

கடவுளே காப்பாற்றினான் என்று நினைத்தேன். இவர் பழக்கதோஷத்தில் வறுவல் சொல்லிவிட்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சாப்புடுங்கண்ணா, வீணாப் போவுது" என்றாள். இவர் பிட்டு வாயில் போட்டு, மென்றுகொண்டே இருந்தார், இறங்கவில்லை. தயிர் சாதத்தை அவளும் பிசைந்தாள், அவ்வளவுதான். செல்லைக் கவிழ்த்து வைத்திருந்தாள். "நெட்டு கெடைக்கல" என்றாள், நாங்கள் யாரும் கேட்காமலே.

அப்புறம் மறுபடி மணலுக்கு. கொஞ்ச நேரம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரோடு நேரே தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு. நிற்கவில்லை. அங்கே இழுப்பு அதிகம், வருஷா வருஷம் ஆட்களைக் கொண்டுபோகிற இடம். "ஏய், பைத்தியம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். காவலுக்கு நிற்கிற ஆள் விசில் ஊதுகிறான். அவள் தலையோடு முங்கினாள், எழுந்தாள், முங்கினாள். அலை கொண்டுவந்து தள்ளியது. இவர் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"போட்டுகினு போற துணிடி அது! மூளை இருக்கா உனக்கு?"

"குவைத்துல இந்தக் கடல் இருக்குமா?" என்றாள். உப்புத் தண்ணீர், கண் ரெண்டும் ரத்தமாகச் சிவப்பு. நான் முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டேன். துவட்டும்போது அழுதேன், முதுகுப் பக்கம் நின்று.

கட்டணக் குளியலறையில் வேறு துணி மாற்றினாள். தலையை வாரவில்லை, பொட்டும் வைக்கவில்லை. ஈரம் காயட்டும் என்றாள்.

வண்டியில் ஏறியதும் கேட்டாள்.

"அண்ணா, டைம் நெறைய கீதுல்ல? ஒருநட எங்க வூட்டுக்குப் போய்ட்டு வந்துடலாமா? உள்ளகூட போவல. வாசல்ல நின்னு அம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்."

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காலையில் அவ்வளவு வீறாப்பாகப் பேசிய மனுஷன். அந்த நிமிஷம் நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பார். எனக்கு நிச்சயம்.

நான் சொன்னேன்: "பரஸ்தானம் வெச்சாச்சுடி. திரும்பிப் போகக் கூடாது. உங்கம்மாவே வெளக்கமாறு எடுக்கும்."

நேற்று சூலத்தைக் கிண்டல் பண்ணின நான்.

"ஆமால்ல" என்றாள். "மறந்தே போய்ட்டேன்."

பத்திரம் எழுதுகிற கடையில் தினம் அடிக்கிறேனே, 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனச் சம்மதத்துடன்' என்று. அப்படித்தான் சொன்னேன். மாமா சொல்லித்தான் சொன்னேன் என்று தப்பிக்க முடியாது. மாமா இதைச் சொல்லித் தரவில்லை. என் வாயில் தானாக வந்தது.

முட்டுக்காட்டில் வண்டியை நிறுத்தினார். அங்கே டீ. போட்டில் போகிற கும்பல் ஒன்று பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. க. டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அப்புறம் கேளம்பாக்கம், வண்டலூர், ஏர்போர்ட்.

உள்ளே போகிற இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். தலையில் இன்னும் கடல் வாசனை. காதுகிட்ட கேட்டாள், "எங்கிட்ட எதுனா சொல்லணுமாடி?"

"உடம்பப் பாத்துக்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.


அக். 21, திங்கள்

சாவு வீடு. விடிகாலையில் போய் மதியம் திரும்பினோம். லேசான தூறல்.

குளிர்பெட்டிக்குள் அம்மா. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. கண்ணாடியில் உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு முகம் சரியாகத் தெரியவில்லை. யாராவது துடைத்துக்கொண்டே இருந்தார்கள். கிரைண்டர் சமையலறை வாசலில் நிற்கிறது, மேலே மாலைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மாமா கைகூப்பினார். "நல்ல காரியம் பண்ணீங்கம்மா. எங்க குடும்பமே மறக்காது." பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பார்வை என்று சொல்லத் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் சத்தமாக, "பெத்தவ மொகத்தக்கூடக் காட்டாம ஏத்திவுட்டாங்களாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

பாலாஜி கொள்ளிச் சட்டியோடு போகும்போது இவர்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார். கூலிங் கிளாஸ் சட்டைப் பையில் இருந்தது. எதற்கு எடுத்துவந்தார்?

இன்னொரு விஷயம், எடுப்பதற்கு முன்னால் நடந்தது. மாமாவின் பையனைப் பாலாஜி பின்பக்கம் நிறுத்தித் திட்டிக்கொண்டிருந்தான். நேற்று அந்தப் பையன் செல்லில் அம்மா படத்தைப் போட்டு, ரெண்டு பக்கமும் விளக்கு, பூ, 'கண்ணீர் அஞ்சலி' என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். ஊரையே வாயை மூடச் சொன்னவர்கள் சொந்தப் பையன் செல்லை மறந்துவிட்டார்கள்.

"எப்பப்பா வெச்ச?" என்று கேட்டேன்.

"மத்தியானம்க்கா. பாலாஜி அண்ணன் பாத்துட்டு சாய்ங்காலம் எடுக்கச் சொல்ச்சு. எல்லாரும் வெக்கறதுதானக்கா."

எடுத்துவிட்டான், சரி. ஆனால் மத்தியானம்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் எல்லாம் மோட்டாரடித் தொட்டியில் தலை முழுகினோம். எனக்கு முன்னால் ஒருத்தி முங்கி எழுந்தாள், முகத்தில் முடி ஒட்டிக்கொண்டு. என் கையில் இருந்த சொம்பு விழுந்துவிட்டது.

இல்லை. இருக்காது. வயிறு சரியில்லை என்றாள். நெட்டு கிடைக்கவில்லை என்றாள்.

கண்ணாடிப் பை என் கைப்பையிலேயே இருக்கிறது. யாரிடம் கொடுப்பது?


அக். 22, செவ்வாய்

கடையில் ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். நல்லவேளை, பதிவுக்கு முன்னால் பார்த்தார்கள். முதலாளி கத்தினார். கத்தட்டும்.

பாலாஜி கூப்பிட்டான். அவள் போய்ச் சேர்ந்ததும் மெல்ல ஆரம்பித்தானாம். அக்கா, அம்மாவுக்கு உடம்பு முடியல என்று. அவன் முடிக்கவே இல்லை.

"தெரியும்டா, எடுத்தாச்சான்னு கேட்டுச்சுக்கா. ஆமான்னேன். சரின்னு வெச்சுடுச்சு. அழவே இல்லக்கா. எப்டிக்கா தெரிஞ்சுது? நீங்க சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். இந்த ஒரு தடவை உண்மை.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "தெரிஞ்சுமா போச்சு?"

"அத அப்டிக் கேக்காதீங்க."

"வேற எப்டிக் கேக்கறது?"

"கேக்காதீங்க! வாயே தொறக்காதீங்க. நீங்களும் நானும் கேக்கற நெலமைல இல்ல."

மேல் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.


அக். 23, புதன்

தூக்கமில்லை. க.வுக்கு மூன்று வாய்ஸ் மெசேஜ் பேசி, மூன்றையும் அழித்தேன். 'மன்னிச்சுடுடி' என்று எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டபோதும் தெரியும். சொல்லணுமாடி என்று காதில் கேட்டபோதும் தெரியும். நான் சொல்லுவேன் என்று கடைசி வரை பார்த்திருக்கிறாள். நானாக ஒரு வார்த்தை. கடலுக்குள் போய்த் தன் அம்மாவுக்குத் தனியாகத் தலை முழுகியிருக்கிறாள். நான் கரையில் நின்று சுடிதாருக்காகத் திட்டினேன்.

டெய்லர் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டான். கை இறுக்கம். பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். அவனுக்கே ஆச்சரியம்.


அக். 25, வெள்ளி

மழை. கரண்ட் இல்லை. தெருவில் பட்டாசுக் கடை போட்டவன் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பதில் இல்லை. இவரும் அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டாராம், 'சாப்பிட்டியாம்மா' என்று. அதற்கு மட்டும் 'சாப்ட்டேண்ணா' என்று வந்திருக்கிறது. எனக்குக் காட்டினார். காட்டியிருக்க வேண்டாம்.

திட்டுவாள். திட்டட்டும். நன்றாக நாறக் கிழிக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன். அவள் திட்டாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.


அக். 27, ஞாயிறு

மூட்டமாக இருக்கிறது. இவர் சவாரிக்குப் போய்விட்டார். மீன்காரன் தெருவில் கத்தினான், வாங்கவில்லை.

க. கூப்பிட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், சோப்புக் கையோடு எடுத்தேன். எடுத்ததுமே அழ ஆரம்பித்துவிட்டேன். மன்னிப்பு, மாமா, விசா, என்னென்னவோ. நான் ஓய்ந்த பிறகு,

"செல்வி, நீ ஒண்ணும் தப்பு பண்ணல" என்றாள்.

"பண்ணேன்டி. நீ கேட்டே. ரெண்டு தடவ கேட்டே. நான் சொல்லுவேன்னு நெனச்சுகினு…"

"இல்ல. அதுதான் இல்ல. அதச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

பின்னால் ஏதோ மெஷின் பீப் பீப் என்கிறது.

"மீன் கடை வாசல்லயே பாத்துட்டேன், மாமா பையன் வெச்ச ஸ்டேட்டஸ. உங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தேன், உங்களுக்கும் தெரியும்னு புரிஞ்சுச்சு. அப்பவே சொல்லிருக்கலாம், எனக்குத் தெரியும், வண்டியத் திருப்புங்கன்னு. வாய் வர்ல. அப்பா போனப்ப போச்சே அந்த விசா, அது மட்டுந்தான் கண்ணு முன்னாடி நிக்குது. வண்டில ஏறி, வூட்டுக்குப் போலாமான்னு கேட்டேன் பாரு. கேக்காம வந்தா நான் மனுசியே இல்லன்னு கேட்டேன். ஆனா செல்வி, நீ சரின்னு சொல்லிடப் போறியேன்னு பயந்துகினே கேட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன்.

"நீ பரஸ்தானம்னு சொன்ன. எனக்கு அப்பதான் உசுரே வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. எங்கம்மா அங்க செத்துக் கெடக்குது, எனக்கு அப்பாடான்னு இருக்குது. ஏர்போர்ட்டுல திரும்பக் கேட்டேன். நீ உடம்பப் பாத்துக்கன்ன. திரும்பவும் அப்பாடா."

"அதெல்லாம் அந்த நேரத்துல யாருக்கா இருந்தாலும்…" என்று ஆரம்பித்தேன்.

"நீ எனக்கு நல்லதுதான் பண்ணே செல்வி. ஆனா உன் கொரலக் கேட்டா அந்த அப்பாடாதான் ஞாபகம் வருது. இப்பக்கூட வருது. நீ எனக்கு போன் பண்ணாத. மெசேஜும் போடாத."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியல."

"கருமாதிக்கு நான் போய் நிக்கட்டுமா, உன் சார்பா?"

"வேணாம் செல்வி. நைட் டூட்டி இப்பதான் முடிஞ்சுது, நான் போய்ப் படுக்கணும்."

வைத்துவிட்டாள். கையில் சோப்பு காய்ந்து இழுத்தது. பாத்திரம் பாதியில் கிடக்கிறது. அப்புறம்தான் உறைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து என்னை அவள் 'டி' போடாமல் கூப்பிட்டதே இல்லை. இன்றைக்கு ஒரு 'டி' கூட இல்லை.